அவரையில் அசுவினி: சாம்பல் நிற்கவே மாட்டேன் என்கிறது

வணக்கம். தஞ்சாவூர் பக்கம், கொல்லையில் பந்தல் அவரை. ஆடியில் விதைத்தது. கார்த்திகைக் கடைசியில் பூ வைத்ததும் அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) வந்துவிட்டது. பூங்கொத்து, கொழுந்து, பிஞ்சு எல்லாம் கறுப்பாக அப்பிக் கிடக்கிறது, தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. பூ உதிர்கிறது, பிஞ்சு சுருள்கிறது. அந்தப் பிசுபிசுப்பைத் தேடி வந்து அசுவினிக்குக் காவல் நிற்கும் எறும்புச் சாரி வேறு, கொடி நெடுக.

சவுக்கு விறகுச் சாம்பலைச் சலித்து, காலையில் இலை ஈரமாக இருக்கும்போது தூவினேன். அன்றைக்குக் குறைகிறது, மறுநாள் பனியில் கரைந்து போய்விடுகிறது. கொத்துக்குள் இருப்பதைத் தொடுவதே இல்லை. தூரைச் சுற்றிச் சாம்பல் போட்டால் எறும்பு பந்தல் கால் வழியாக ஏறுகிறது, கெட்டிக்காரப் பயல்கள்! இதற்கு மேல் சாம்பல் கொட்டவும் பயம், மண்ணின் கார அமில நிலை (pH) ஏற்கெனவே 8.2, சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றிவிடும்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைத்து மாலையில் அடித்தேன். அடங்கியது, அப்புறம் பழையபடி. தண்ணீரைப் பீய்ச்சினால் பூவும் சேர்ந்து கொட்டுகிறது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டு கொஞ்சம் தென்படுவதால் ரசாயன மருந்து வேண்டாம்.

பனிக்காலத்தில் பந்தல் கால் வழியாக எறும்பு ஏறாமல் தடுக்க உங்களுக்குக் கைகொடுத்தது எது?