16 சைக்கி: உரிந்த உலோகக் கருவா, பாறையும் இரும்பும் கலந்த உருண்டையா?

இரும்புப்பிரியன்:
சைக்கி என்ற சிறுகோள், மோதல்களில் மேல்பாறை உரிந்துபோன ஒரு குட்டிக் கோளின் உட்கரு என்பது பழங்கதை என்று இங்கே பலரும் அடித்துப் பேசுகிறீர்கள். ரேடாருக்கு என்ன பதில்? அதன் ரேடார் எதிரொளிப்பு, அதாவது ரேடார் அலையை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற அளவு, 0.34. பாறைச் சிறுகோள்களுக்கு 0.15 பக்கம்தான் வரும். இரும்பு இல்லாமல் இவ்வளவு எதிரொலி ஏது?

பாறைமேடு:
இரும்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லையே. எவ்வளவு என்பதுதான் சண்டை. ரேடார் மேல்தோலைத்தான் தடவிப் பார்க்கிறது. உள்ளே என்ன என்பதை அடர்த்தியிடம்தான் கேட்க வேண்டும். நிறை 2.29 × 10¹⁹ கிலோ, சராசரி விட்டம் 222 கிமீ. வகுத்தால் கன செ.மீ.க்கு 4 கிராம். இரும்பு விண்கல்லுக்கு 7.9. முழுக்க இரும்பு என்றால் பாதி உடம்பு வெற்றிடமாக இருந்தாக வேண்டும்.

இரும்புப்பிரியன்:
அந்த 4-ஐ அவ்வளவு நம்பாதீர்கள். விட்டத்தில் 4% பிழை வந்தால் கன அளவில் 12% அடிபடும். பழைய 253 கிமீ விட்டத்தைப் போட்டால் இதே நிறைக்கு 2.7தான் கிடைக்கும். நிறையும் நேரடியாக அளந்ததல்ல. பக்கத்தில் போகும் மற்ற சிறுகோள்களின் பாதை எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து எடுத்தது. வெற்றிடம் நிற்காதா? சைக்கியின் நடுவில் அழுத்தம் சுமார் 28 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான எஃகே 250 வரை வளையாமல் தாங்கும். ஆறிய பிறகு மோதலில் நொறுங்கிக் குவிந்த இரும்புத் துண்டுகள் இடைவெளியோடு அப்படியே கிடக்கலாம்.

பாறைமேடு:
28 என்பது சராசரி ஐயா. துண்டுகள் ஒன்றையொன்று தொடும் முனைகளில் அது பல மடங்கு ஏறும். அதைவிட எளிய வழி இருக்கிறது: பாறைக்கு 3.3, இரும்புக்கு 7.9 என்று வைத்துக் கலந்து பாருங்கள். 20% வெற்றிடம் என்றால் மீதித் திடப்பொருளின் கன அளவில் இரும்பு சுமார் 37%. 30% வெற்றிடம் என்றால் 52%. எதையும் வளைக்காமலே 4 வந்துவிடுகிறது. நிறமாலையில் 0.9 மைக்ரான் அருகே பைராக்சீன் என்ற பாறைக் கனிமம் ஒளியை விழுங்கிய பள்ளமும் தெரிகிறதே, வெறும் இரும்பில் அது எப்படி வரும்?

இரும்புப்பிரியன்:
வெளியிலிருந்து வந்து விழுந்த பாறைத்தூள் போதும். அந்தப் பள்ளம் ஆழமே இல்லை.

விண்நோக்கி:
2023 அக்டோபர் 13 கிளம்பிய நாசா விண்கலம் 2029-இல் சைக்கியைச் சேர வேண்டும். அதிலுள்ள காந்தமானி உறைந்துபோன பழைய காந்தப்புலத்தைப் பிடித்தால் உருகிய கரு இருந்ததற்கு வலுவான சான்று.

பாறைமேடு:
பிடிக்காவிட்டால்?

இரும்புப்பிரியன்:
ஒன்றும் நிரூபணமாகாது. நொறுங்கிய துண்டுகள் ஆளுக்கொரு திசை பார்த்தால் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பாறைமேடு:
எந்த விடை வந்தாலும் உங்கள் கட்சி தோற்காதபடி பார்த்துக்கொள்கிறீர்கள். நான் காந்தமானிக்குக் காத்திருக்கவில்லை. கலத்தின் ரேடியோ அலைவெண் மாற்றத்தை வைத்து ஈர்ப்புப் படம் போடுவார்கள், கேமரா வடிவத்தைத் துல்லியமாகத் தரும். விட்டத்தில் நீங்கள் சொல்லும் 4% பிழை அப்போது எங்கே போய் ஒளியும்?