பச்சை ஒளிர்ந்தால் நைட்ரிக் ஆக்சைடுதானா? உங்கள் அனுபவம்?

ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களில் நைட்ரிக் ஆக்சைடைப் பார்க்க எங்கள் ஆய்வகத்தில் டிஏஎஃப்-2 டைஅசிட்டேட்தான். நைட்ரிக் ஆக்சைடு இருந்தால் பச்சையாக ஒளிரும் என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தில் டெட்சுவோ நாகானோ குழு 1998-இல் வெளியிட்ட சாயம். இந்த வாயுவுக்காக மூன்று பேருக்கு நோபல் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

செல்லுக்குள் போனதும் எஸ்டரேஸ் நொதி அசிட்டேட்டை வெட்டிவிடும், சாயம் உள்ளேயே தங்கிவிடும். சீரம் கலந்த ஊடகத்தில் மட்டும் போடாதீர்கள். சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு, வெட்டு வெளியிலேயே நடந்துவிடும்.

போன வருடம் எங்களிடம் வந்த மாணவி ஒருத்தி வைட்டமின் சி போட்ட செல்களைப் படம் எடுத்தாள். பச்சை அள்ளியது! எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எல்-நேம் போட்டு வாயுவை உண்டாக்கும் நொதியையே அடைத்த பிறகும் பச்சை அசையவில்லை. சரி என்று சோதனைத் தட்டில் செல்லே இல்லாத ஒரு குழியில், அசிட்டேட் இல்லாத டிஏஎஃப்-2-ஐயும் வைட்டமின் சி-யையும் கலந்து வைத்தாள். அதுவும் ஒளிர்ந்தது. வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் டிஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலம் சாயத்தோடு நேராகவே சேர்ந்துகொள்கிறது. அந்தப் பொருளின் ஒளியும் ஏறக்குறைய அதே 515 நானோமீட்டர் பக்கம்தான். ஃபில்டரால் பிரிக்க முடியாது.

இன்னொன்று. இந்தச் சாயம் நைட்ரிக் ஆக்சைடோடு நேரடியாக வினைபுரிவதே இல்லை. அந்த வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து டைநைட்ரஜன் ட்ரைஆக்சைடு போன்றதாக மாறிய பிறகுதான் பிடிக்கிறது. பச்சையின் அளவை வாயுவின் அளவாக எழுதும் கட்டுரைகளை அதனால்தான் நான் நம்புவதில்லை.

---

நாங்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு பக்கம். அசைடு (மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த தொகுதி) வகைச் சாயம்; சல்ஃபைடு அசைடை அமீனாக ஒடுக்கினால் ஒளிரும். ஆனால் அதேபோல் ஒடுக்கக்கூடிய குளூட்டாதயோன் செல்லில் மில்லிமோலார் கணக்கில் கிடக்கிறது, சல்ஃபைடோ அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. அதனால் குளூட்டாதயோன் மட்டும் போட்ட குழி இல்லாத தட்டை எங்கள் மேடம் பார்க்கவே மாட்டார்.

ஆனால் எங்களைப் படுத்தியது வேறு. 96 குழித் தட்டில், ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தரும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு போட்ட குழிக்குப் பக்கத்தில், வெறும் பஃபர் இருந்த குழியும் ஒளிர்ந்தது. வாயு ஆயிற்றே, கிளம்பிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது! அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறும்போதே புரிந்திருக்க வேண்டாமா. இப்போது மேலே ஒட்டுத்தாள் ஒட்டி, கட்டுப்பாட்டுக் குழிகளைத் தனித் தட்டில் வைக்கிறோம்.

---

அசைடு சாயத்துக்கு வெளிச்சமும் ஆகாது, அக்கா. நீல ஒளியை அடித்துக்கொண்டே இருந்தால் சல்ஃபைடு இல்லாமலே ஒளி ஏறும். எதுவும் சேர்க்காத செல்களையும் அதே எண்ணிக்கையில் படம் எடுத்து வையுங்கள்.