கலைச்சொல்: ‘கவர்ட் இன்டர்ஃபியரன்ஸ்’ – மறைமுகமா, கரவா?

வணக்கம் ஐயா.

ஒரு நாடு தன் கை வெளியே தெரியாமல் இன்னொரு நாட்டு விவகாரத்தில் தலையிடுவதை ஆங்கிலத்தில் ‘கவர்ட் இன்டர்ஃபியரன்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மறைமுகத் தலையீடு’ என்றே போட்டுவிடலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்கிறோமே, அதில் ஒளிவு ஏதும் இல்லை. நேராக வராமல் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். ‘இரகசியத் தலையீடு’ என்பதும் ஒட்டவில்லை. ஆப்பிரிக்க நாடான காங்கோவை வைத்துப் பார்ப்போம்.

1960 ஜூன் 30-ல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை. ஜூலை 11-ல் கட்டாங்கா மாகாணம் பிரிந்துபோவதாக அதன் தலைவர் சோம்பே அறிவித்தார். அங்கே எல்லோரும் பார்க்கவே பெல்ஜியப் படையினர் நின்றார்கள். செப்டம்பர் 14-ல் காங்கோவின் படைத்தலைவர் மொபுட்டு ஆட்சியைக் கையில் எடுத்ததும் இரகசியம் இல்லை, வானொலியிலேயே சொன்னார். அவருக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ கொடுத்த பணமும் ஆதரவும்தான் வெளியே தெரியவில்லை. செயல் ஊரறிய நடந்தது, செய்வித்த கை மறைந்திருந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றம் 1948-ல் வகுத்த வரையறையும் இதுதான்: காரியம் அம்பலமானாலும், ‘எங்களுக்குத் தொடர்பில்லை’ என்று அரசு நம்பும்படி மறுக்க வழி இருக்க வேண்டும்.

அதே செப்டம்பரில் சிட்னி காட்லீப் என்ற சிஐஏ வேதியியலாளர் காங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில்லில் (இன்றைய கின்ஷாசா) வந்து இறங்கினார். அவர் கையில், அந்த மாதமே பதவி பறிக்கப்பட்ட பிரதமர் லுமும்பாவின் சாப்பாட்டிலோ பற்பசையிலோ கலக்க நஞ்சு. கூடவே ரப்பர் கையுறை, முகமூடி, ஊசி. அந்த நஞ்சைப் பயன்படுத்தவில்லை. 1961 ஜனவரி 17 இரவு கட்டாங்காவில், பெல்ஜிய அதிகாரிகள் கண்முன்னே, லுமும்பாவைச் சுட்டுக் கொன்றார்கள். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். மிஞ்சிய ஒரு பல் 2022-ல்தான் குடும்பத்தின் கைக்கு வந்தது. நஞ்சு விவகாரத்தை அமெரிக்க செனட் குழு 1975-ல் வெளியிட்டது.

ஆக, கை மறைந்திருப்பதற்குக் ‘கரவு’, செயலே மறைந்திருப்பதற்குக் ‘கமுக்கம்’ என்று பிரித்துக்கொள்ளலாம். மொபுட்டுவின் ஆட்சிக்கவிழ்ப்பில் இருந்தது கரவு. காட்லீப்பின் பயணம் கமுக்கம். கரத்தல் என்றால் ஒளித்தல். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்று பள்ளியிலேயே படித்த சொல்தான். ‘திரைமறைவு’ சட்டென்று புரியும், சரி. ஆனால் கூட்டணிப் பேரம் வரை எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லிச் சொல்லி நீர்த்துப்போய்விட்டது. கரவு என்றால் கரவுநிதி, கரவுநடவடிக்கை என்று கிளைக்கவும் இடம் இருக்கிறது.

கரவுக்கு வஞ்சனை, களவு என்ற பொருளும் உண்டே, கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். லுமும்பாவுக்கு நடந்ததை எழுதும்போது அந்தச் சாயல் சொல்லில் இருக்கட்டும் என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.