புதுப்பிப்பு: சுவரோரம் நீர் தேங்கிய தோட்டம்

பின்புறத் தோட்டத்தில் மழைநீர் வீட்டுச் சுவரோரம் தேங்குவதால், நடைபாதையை முதலில் அமைப்பதா, செடிகளை முதலில் நடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் முன்னால் நிலத்தின் வாட்டத்தை (நீர் வடிவதற்கான சரிவை) சரிசெய்யச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அதுவே சரியான வரிசை. டியூப் லெவல் (மட்டம் பார்க்க உதவும், நீர் நிரப்பிய குழாய்) பிடித்துப் பார்த்து, சுவரிலிருந்து வெளிநோக்கி மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் வாட்டம் கொடுத்தோம்.

அடுத்து மண். 30 செ.மீ. ஆழக் குழியில் ஊற்றிய நீர் வடிந்தபின் மீண்டும் நிரப்பிப் பார்த்தபோது, மட்டம் மணிக்கு 2 செ.மீ. கூட இறங்கவில்லை, ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டினால் உடையாமல் கயிறுபோல நீண்டது. இத்தகைய களிமண்ணில் சிறிதளவு மணலை மட்டும் சேர்த்தால் அது மேலும் இறுகக்கூடும் என்பதால், நன்கு மட்கிய தொழுவுரத்தை மேல் 20 செ.மீ. மண்ணோடு கொத்திக் கலந்து, பாத்திகளைத் தரைமட்டத்துக்கு மேல் உயர்த்தினோம்.

நடைபாதைக்குச் சல்லி பரப்பிக் கெட்டித்துக் கல் பதித்தாயிற்று. மூடாக்கை (செடியைச் சுற்றி மண்ணை மூடும் போர்வையை) 5 முதல் 7 செ.மீ. கனத்தில் இட்டு, செடிகளின் தண்டைத் தொடாதவாறு விலக்கியிருக்கிறோம் (தண்டை ஒட்டி ஈரம் நின்றால் அழுகல் வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்). அண்மையில் பெய்த கனமழையில் சுவரோரம் நீர் நிற்கவில்லை. மரக்கன்று மட்டும் பாக்கி. வளர்ந்தபின் அதன் வேரும் கிளையும் பரவும் அகலத்தைக் கணக்கிட்டு, சுவரிலிருந்து தள்ளியே இடம் குறித்திருக்கிறோம்.