பொருள்: தோல்மேல் மின்னும் புடைப்பு – இதற்குத் தமிழில் என்ன? (புதன் காலைக்குள் வேண்டும்)

எழுதுபவர்: நடுநிசி – திங்கள், இரவு 11.40

அன்புடையீர், வணக்கம்.

தோல்பொருள் செய்வோருக்கான மூன்று மாதப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 64 பக்கத்தில் 61 முடிந்துவிட்டது. புதன் காலை பத்து மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு தலைப்பு என்னை நகரவிடவில்லை.

பர்ஸ், பெல்ட், நாட்குறிப்பு உறை போன்றவற்றில் லேசரால் வெட்டிய அச்சை வைத்து அழுத்தி, தங்கம் வெள்ளி போல மின்னும் உருவத்தை எழுப்புகிறார்கள். பட்டறையில் கேட்டால் "ஃபாயில் எம்பாஸ்" (மின்னும் தாள், மேடெழுப்பல்) என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் செய்துவைத்திருப்பது "உலோகப் படலப் புடைப்புருவாக்கம்". மகளிடம் படித்துக் காட்டினேன். அது என்ன நோய் என்று கேட்டாள்.

அட்டவணையில் நான்கு சென்டிமீட்டர்க் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். கைகொடுங்கள்.

வேர்நாடி – செவ்வாய், காலை 5.15

தம்பி, சொல் உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள்தான் அதற்கு வால் ஒட்டிக் கெடுத்துவிட்டீர்கள். "புடைப்பு" போதும். மாமல்லபுரத்துப் பாறையில் இருப்பதைப் புடைப்புச் சிற்பம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்கிறது.

இச்சொல்லின் அழகைக் கவனியுங்கள். புடைத்தல் என்றால் அடித்தல். நையப் புடைத்தார்கள் என்கிறோம். புடைத்தல் என்றால் வீங்குதலும்கூட. நெற்றி புடைத்துவிட்டது என்கிறோம். அடிப்பதும் அதனால் எழும்புவதும் ஒரே வினையில்! முறத்தில் புடைக்கும்போது தட்டுவதும் நெல் மேலெழுவதும் சேர்ந்து நடப்பதை எண்ணிப் பாருங்கள். அழுத்தி எழுப்பும் இந்தத் தொழிலுக்கென்றே மொழி முன்கூட்டி வார்த்து வைத்த சொல் இது.

அடுத்து உலோகம். அது எதற்கு? பழந்தமிழில் பொன் என்பது மாழை, அதாவது உலோகம், அனைத்துக்கும் பொதுப்பெயர். ஐம்பொன் என்பதில் செம்பும் ஈயமும் அடக்கம். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். ஆகவே மின்னும் தாள் எந்த நிறமாயினும் பொன்தாள், புணர்த்தினால் பொற்றாள். லேசர் என்பதற்குச் சீரொளி வழங்குகிறது. முழுத்தொடர்: சீரொளிவெட்டச்சுப் பொற்றாட் புடைப்பு.

ஈயஎழுத்து – செவ்வாய், காலை 7.30

ஐயா, நாற்பது ஆண்டு அச்சுக்கோத்த கை இது. நீங்கள் சொன்ன தொடரைக் கோத்தால் நான்கு சென்டிமீட்டர் அல்ல, ஒரு பத்தி போய்விடும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. பொற்றாள் என்றதும் என் காதில் விழுவது திருவடி. "பொற்றாள் போற்றி" என்று கும்பிட்டுப் பழகியவர்கள் நாம். இடுப்பு பெல்ட்டில் கொண்டுபோய் இறைவன் காலை ஒட்டச் சொல்கிறீர்கள்.

பைண்டிங் கடைகளில் ஆய்வேட்டு அட்டைக்குத் தங்க எழுத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிளாக்கை, அதாவது அச்சை, சூடேற்றி, அட்டைக்கும் அதற்கும் நடுவில் மின்னும் சுருளை ஓடவிட்டு ஓர் அழுத்து. சுருளை உரித்தால் எழுத்து அட்டையில் நிற்கும்; சுருளில் அதே எழுத்து ஓட்டையாக, வெளிச்சம் தெரியும்படி இருக்கும். பையனாக இருந்தபோது அந்தக் கழிவுச் சுருளை எடுத்து வெயிலில் பிடித்து, யார் யார் முனைவர் ஆகிறார்கள் என்று படித்துக்கொண்டிருப்பேன்.

அந்த மெல்லிய தாளுக்கு நல்ல சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: ரேக்கு. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுவது தங்க ரேக்கு. அங்கேயும் சுண்ணாம்புச் சுக்கான் பூச்சால் மேடாக்கி, அதன்மேல்தான் ரேக்கு ஒட்டுகிறார்கள். மேடு, மினுமினுப்பு இரண்டும் வந்துவிட்டன. "ரேக்குப் புடைப்பு" என்று எழுதிவிட்டுத் தம்பி தூங்கப் போகலாம். ஜிகினா என்றும் சொல்லலாம். ஆனால் ஜிகினா வேலை என்றால் பகட்டு வேலை என்று பொருளாகிவிட்டது. ஏற்றுமதிப் பை செய்கிறவர் சண்டைக்கு வருவார்.

பனையோலை – செவ்வாய், காலை 9.05

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் புடைப்பில் நிற்கிறீர்கள். பொருளின் மேல் அடையாளம் அழுத்துவதற்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டு வழக்குள்ள வினை பொறித்தல் அல்லவா? காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களைப் "புலி பொறித்துப் புறம்போக்கி" என்கிறது பட்டினப்பாலை. அதே நகரத்து வணிகப் பொதிகளில் பெயர் பொறித்த கண்ணெழுத்து இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கேயே "தோலின் துன்னர்" என்று தோல் தைப்போரையும் காட்டுகிறது. வணிகமும் தோலும் முத்திரையும் ஒரே காதையில். "பொன்பொறிப்பு" என்றால் குறையென்ன?

நடுநிசி – செவ்வாய், காலை 9.20

ஐயா, பொன்பொறிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் இதே கையேட்டில் இயந்திரம் பொறி, தீயணைப்புப் பாடத்தில் தீப்பொறி. "பொறியில் பொறித்த பொறிப்பு" என்று ஒரு வாக்கியம் இப்போதே வந்துவிட்டது. உணவகப் பலகைகளில் "பொறித்த கோழி" என்று எழுதுகிற ஊர் வேறு. மாணவர்கள் எண்ணெய்ச் சட்டியை நினைப்பார்கள்.

கடுக்காய் – செவ்வாய், பிற்பகல் 1.10

வகுப்பு முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். வாணியம்பாடிப் பக்கம் தோல்பொருள் வகுப்பெடுக்கிறவள் என்கிற முறையில் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பேர் பெயர் வைக்கிறீர்களே, பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்தீர்களா?

உங்கள் சட்டைப்பையிலுள்ள பர்ஸை எடுங்கள். மின்னுகிற எழுத்தை விரலால் தடவுங்கள். மேடா, பள்ளமா? பெரும்பாலும் பள்ளம். அச்சில் உருவம் மேடாக இருந்தால் தோலில் அது குழியாகத்தான் விழும். கடையில் எம்பாஸ் என்று விற்பதில் பெரும்பகுதி குழிவுதான். அதைப் புடைப்பு என்றால் வேர்நாடி ஐயாவின் நெற்றி வீங்குவதற்குப் பதில் உள்ளே போகிறது.

உண்மையாகவே மேடு வேண்டுமென்றால் இரண்டு அச்சு தேவை. ஒன்றில் உருவம் மேடு, மற்றதில் அதே உருவம் பள்ளம். நடுவே தோல். நேற்று மாணவர்களோடு செய்தேன். மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் பலகையில் லேசரால் ஒரு மாவிலை வெட்டினோம். வெட்டி எடுத்த இலை ஓர் அச்சு. இலை போன பிறகு பலகையில் நிற்கும் ஓட்டை மறு அச்சு. தோலின் தடிமன் நடுவில் புக வேண்டுமே, அதற்காக இலையைச் சுற்றிலும் கொஞ்சம் சிறிதாக்கினோம். அதைச் செய்யாத ஒருவருக்குத் தோல் ஓரத்தில் பிளேடால் கீறியது போல வெட்டுப்பட்டுவிட்டது. தோலை ஈரப் பஞ்சால் ஒற்றி, நிறம் மீண்டும் வெளிறத் தொடங்கும் நேரம் பார்த்து அழுத்தத்தில் வைத்தோம். பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் அழுத்தத்தை அப்படியே ஏற்று நிற்கும். குரோம் உப்பால் பதனிட்ட தோல் ரப்பர் போல; எடுத்த சிறிது நேரத்தில் பாதி மேடு படுத்துவிட்டது.

இனிதான் மின்னும் தாள். அது பாலியெஸ்டர் படலம். அடியில் நிறப்பூச்சு, அலுமினிய ஆவி படிந்த அடுக்கு, கடைசியில் பசை. பசை பிடிக்க ஏறத்தாழ 100 முதல் 130 டிகிரி வேண்டும். அக்ரிலிக் 100 டிகிரி பக்கம் வந்தாலே இளகத் தொடங்கும். ஒரு மாணவர் பொறுமையில்லாமல் அக்ரிலிக் இலையையே சூட்டுத் தட்டில் ஒட்டி அழுத்தினார். முதல் பையில் நரம்பு தெரிந்தது. நான்காவதில் அது மாவிலை இல்லை, அல்வாத் துண்டு. ஆகவே மேட்டைக் குளிரில் எழுப்பி, தோல் காய்ந்த பிறகு, தாளைப் பரப்பி, தட்டையான சூட்டுத் தட்டால் மேலாக ஒற்ற வேண்டும். மேட்டின் முகட்டில் மட்டும் தாள் ஒட்டும். சூட்டோடு நேரே அடிக்க வேண்டுமென்றால் பித்தளை அச்சுதான். அதற்கு லேசரும் வேறு.

நடுநிசி தம்பி, உங்கள் கையேட்டின் அந்தப் பக்கத்தில் எந்த முறை இருக்கிறது?

நடுநிசி – செவ்வாய், பிற்பகல் 2.00

அம்மா, இப்போதுதான் பொருள் புரிந்து படித்தேன். இரண்டும் இருக்கிறது. முதல் பத்தி பித்தளை அச்சால் சூட்டில் அடிக்கும் குழிவு. மூன்றாம் பத்தியில் நீங்கள் சொன்ன மேடு. மூலத்தில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு. இதை நேற்றே யாராவது கேட்டிருந்தால் நன்றாக உறங்கியிருப்பேன்.

வேர்நாடி – செவ்வாய், மாலை 4.45

அம்மையாரின் விளக்கம் அருமை, கற்றுக்கொண்டேன். ஆனால் "புடை" என்பதற்குப் பக்கம் என்றும் பொருள் உண்டு. உருவம் நடுவில் தாழ, அதன் புடை, அதாவது பக்கம் உயர்கிறது. ஆகவே குழிவையும் புடைப்பு எனலாம்.

ரேக்குக்கு வருகிறேன். ரகரம் தமிழில் மொழிமுதல் வராது. தொல்காப்பியம் தொடங்கி இதில் மாற்றுக் கருத்தே இல்லை. எழுதியே தீர வேண்டுமென்றால் "இரேக்கு". தெலுங்கில் ரேகு என்பது பூவிதழுக்கும் மெல்லிய தகட்டுக்கும் பெயர். வடசொல் அன்று, திசைச்சொல் என்பதால் பாதி மன்னிக்கலாம். ஆனால் இதழ் என்ற நம் சொல் இருக்கும்போது கடன் எதற்கு? "பொன்னிதழ்" என்று சொல்லிப் பாருங்கள், வாய் மணக்கிறது.

ஈயஎழுத்து – செவ்வாய், மாலை 5.10

> குழிவையும் புடைப்பு எனலாம்

அப்படியானால் கிணற்றையும் கோபுரம் எனலாம். சுற்றியுள்ள தரை உயரந்தானே.

பொன்னிதழ் என்றால் வாய் மணக்கும், ஒப்புக்கொள்கிறேன். கடைக்குப் போய்ப் "பொன்னிதழ் இரண்டு மீட்டர்" என்று கேட்கிற மாணவனை எந்தக் கடைக்குப் போகச் சொல்வார்கள்? நகைக்கடைக்கா, பூக்கடைக்கா? மேலும் அதில் பொன் எங்கே இருக்கிறது? அலுமினியமும் சாயமும் என்று அம்மாவே சொல்லிவிட்டார். 1916இல் சேலத்தில் கலைச்சொல் ஆக்கப் பரிபாஷைச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நாம் இதே சண்டையைத்தான் போடுகிறோம்: புரிகிற சொல்லா, புனிதமான சொல்லா என்று. தெருவில் வழங்குவதை எடுத்துக்கொண்ட இடத்திலெல்லாம் சொல் பிழைத்திருக்கிறது.

வேர்நாடி – செவ்வாய், மாலை 5.25

பேருந்து தெருவில் வழங்கியதா? அதையும் ஒருவன் மேசையில் உட்கார்ந்துதான் செய்தான்.

பனையோலை – செவ்வாய், மாலை 6.30

இதற்கு ஈயஎழுத்து ஐயாவிடம் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் பேருந்து வந்தபின் பஸ் நின்றுவிடவில்லை. இரண்டும் ஓடுகின்றன.

லேசர் என்ற சொல்லைப் பற்றி வேர்நாடி ஐயாவுக்குப் பின் யாரும் பேசவில்லையே. அது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவை. அதைப் பெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா? சீரொளி எனக்குப் பிடிக்கும். ஆனால் தலைப்பில் அச்சு எதனால் வெட்டப்பட்டது என்பதே தேவையா? கத்தியால் வெட்டினாலும் புடைப்பு புடைப்புத்தான்.

கடுக்காய் – செவ்வாய், இரவு 8.15

பனையோலை ஐயா சொல்வது சரி. லேசரை எடுத்துவிடுங்கள். அதைப் பாடத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். அங்கே கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று: எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வெட்ட வேண்டும். போன வகுப்பில் ஒரு மாணவி தன் அப்பாவுக்குப் பரிசாகப் பெல்ட் செய்தாள். பெயரைத் திருப்பாமல் வெட்டிவிட்டாள். அவர் இன்றும் அதைத்தான் கட்டுகிறாராம். குளியலறைக் கண்ணாடியில் சரியாகத் தெரிகிறது என்று.

என் யோசனை: மேலே பொதுத் தலைப்பு "ரேக்கு அச்சு". கீழே இரண்டு உட்தலைப்பு: பள்ளமாக விழுவது "ரேக்குக் குழிப்பு", மேடாக எழுவது "ரேக்குப் புடைப்பு". இன்று மாலை மாணவர்களிடம் மூன்று சொல்லையும் பலகையில் எழுதினேன். விளக்காமலே எது எது என்று சரியாகக் காட்டினார்கள். ரேக்கு மட்டும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அட்டைப்பெட்டியிலிருந்து சுருளை எடுத்துக் காட்டினேன். அத்தோடு தெரிந்துவிட்டது.

ஈயஎழுத்து – செவ்வாய், இரவு 8.20

என் வாக்கு இதற்கு.

பனையோலை – செவ்வாய், இரவு 8.50

பொறிப்பை விட மனமில்லை. இருந்தாலும் நாளை காலை பத்து மணி என்பதால் சம்மதம்.

வேர்நாடி – செவ்வாய், இரவு 9.30

குழிப்பு, புடைப்பு இரண்டுக்கும் உடன்பாடு. "ரேக்கு"க்கு என் மறுப்பைப் பதிவு செய்யவும். இரேக்கு என்றாவது எழுதுங்கள். ஓரெழுத்துத்தானே.

நடுநிசி – புதன், காலை 9.52

அனைவருக்கும் நன்றி. கடுக்காய் அம்மா சொன்னபடி மூன்று தலைப்பையும் போட்டு அனுப்பிவிட்டேன். இகரத்தைச் சேர்த்தும் பார்த்தேன், வேர்நாடி ஐயா. "இரேக்குப் புடைப்பு" கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்கு ஒழுகியது.

நடுநிசி – வெள்ளி, மாலை 6.05

அச்சுப்படி வந்திருக்கிறது. அச்சகத்தில் யாரோ பிழைதிருத்தியை ஓடவிட்டிருக்கிறார்கள். மூன்று இடத்திலும் ரேக்கு "ரேகை" ஆகிவிட்டது. பக்கம் 62இல் "ரேகைப் புடைப்பு" என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் 50 படி அடித்தாகிவிட்டதாம்.

வேர்நாடி – வெள்ளி, மாலை 6.20

தம்பி, ரேகை என்றாலும் முன்னால் இகரம் வேண்டும்.