நிலாவெளியில டைவிங் பண்ணிட்டு அன்னைக்கே நுவரெலியா ஏறலாமா?

நுவரெலியா பையன்:
ஆகஸ்ட் லீவுல வீட்டோட நிலாவெளி போறோம், எனக்கும் தங்கச்சிக்கும் ஸ்கூபா டைவிங் பண்ண ரொம்ப ஆசை, இதான் முதல் தடவ. கடைசி நாள் காலையில டைவ் பண்ணிட்டு அப்படியே வேன்ல வீட்டுக்கு வந்துடலாம்னு பிளான். சரிவருமா?

பண்டாரவளை அண்ணன்:
தம்பி, ஆகஸ்ட் நல்ல டைம், மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் கிழக்குக் கடல் அமைதியா இருக்கும், அந்த நேரம் ஹிக்கடுவ பக்கம் கொந்தளிப்பு. ஆனா கடைசி நாள் டைவ் மட்டும் வேணாம்பா. ஆழத்துல மூச்சு விடுறப்ப ஒடம்புல நைட்ரஜன் கரைஞ்சு சேரும், அது மெதுவாத்தான் வெளியேறும், அதுக்குள்ள காத்தழுத்தம் கொறைஞ்ச எடத்துக்கு ஏறினா குமிழாகி மூட்டுவலியில இருந்து பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். பிளேன்ல போறதுக்குச் சொல்றதுதான் நம்ம மலைக்கும், நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல இருக்குல்ல. ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணித்தியாலம் காத்திருந்துட்டுத்தான் ஏறணும், பல டைவ்னா 18, நான்னா ஒரு நாள் முழுசா விடுவேன்.

தலவாக்கலை அக்கா:
அண்ணன் சொன்னது சரி. தங்கச்சிக்கு ஆஸ்துமா இருந்தா முதல்லயே டாக்டர்கிட்ட கேளுங்க. கடைசி நாளைக்கு புறாத்தீவுல ஸ்நோர்கலிங் போங்க, மேலயே மிதந்து பாக்குறதுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, குட்டிச் சுறாகூட தெரியும். பவளப்பாறை மேல மட்டும் கால் வைக்காதீங்க, அது உயிருள்ளது.

நுவரெலியா பையன்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. டைவிங்க முதல் நாளுக்கு மாத்திட்டேன்.