தஞ்சாவூர் ஓவியத்தில் புடைத்து நிற்பது தங்கம், ஆனால் முன்னால் வருவது முகம். ஏன்?

வெண்ணாற்றங்கரை:
தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மக்கு (சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்த கலவை) வைத்துத் தூக்கி, கோல்டு ஃபாயில் ஒட்டி, கல் பதிக்கிற இடமெல்லாம் தூணும் மண்டப வளைவும் நகையும்தான். கிருஷ்ணர் முகம் தட்டை, வெறும் பெயின்ட். விரலால் தடவினால் தூண் மேடு, முகம் பள்ளம். ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தால் கிருஷ்ணர் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார், தூண் பின்னால் போய்விடுகிறது. எப்படி?

கேட்பதற்குக் காரணம் உண்டு. வெண்ணெய்க் கிருஷ்ணர் ஆர்டர் கொடுத்த ஒருவர், பின்னால் வழக்கமான சிவப்பு வேண்டாம், திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையும் காவிரியும் தெரியணும் என்கிறார். பென்சிலில் போட்டுப் பார்த்தால் ஆறுதான் முதலில் கண்ணில் படுகிறது. (இந்த மாதிரி ஆர்டருக்கெல்லாம் முன்பணம் கூட வாங்கணும், அது வேறு கதை.)

கலர்டப்பா:
கண் மேடு பள்ளத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, ஓரத்தைத்தான் பார்க்கிறது. ஜாடியா, எதிரெதிரே இரண்டு முகமா என்று மாறி மாறித் தெரியுமே ஒரு படம், அதை வைத்து எட்கர் ரூபின் என்ற டென்மார்க் உளவியலாளர் 1915-லேயே இதைச் சொல்லிவிட்டார். இரண்டு பரப்புக்கு நடுவில் ஓடும் கோடு ஏதாவது ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தமாகத் தெரியும். சொந்தமான பக்கம் உருவமாகிவிடும். மற்ற பக்கம் வடிவமே இல்லாமல், அந்த உருவத்துக்குப் பின்னாலும் தொடர்ந்து போவதுபோல் தெரியும்.

உங்கள் படத்தில் உடம்பைச் சுற்றிக் கடைசியாக மெல்லிய பிரஷ்ஷில் கோடு இழுக்கிறீர்கள் இல்லையா, அது கிருஷ்ணருக்குச் சொந்தம். கன்னம், தோள், தொப்பை எல்லாம் வெளியே வளைந்த ஓரம், சுற்றி மூடிய உருவம், அந்த மாதிரி இருப்பதைக் கண் சட்டென்று உருவமாக எடுத்துக்கொள்ளும். தூண் அவருடைய முழங்கைக்குப் பின்னால் மறைகிற ஒரு இடம் போதும், எத்தனை மக்கு வைத்தாலும் அது பின்னால்தான்.

தாராசுரம் பக்கம்:
இதற்கு எங்கள் ஊரிலேயே கல்லில் ஒரு உதாரணம் இருக்கிறது. ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம். ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மற்றதை மறைத்தால் யானை. ரூபின் ஜாடியை இரண்டாம் ராஜராஜன் காலத்திலேயே செதுக்கிவிட்டார்கள்.

கலர்டப்பா:
சிற்பம் அருமை, ஆனால் அது வேறு வகை. ஜாடிப் படத்தில் ஒன்று உருவமானால் மற்றது வெறும் பின்னணியாகிவிடும். தாராசுரத்தில் யானையைப் பார்க்கும்போது காளை பின்னணி ஆவதில்லை, தலையை மட்டும் இழக்கிறது. பின்னால் இருக்கும் கல் கடைசிவரை பின்னால்தான் இருக்கிறது.

மேலவீதி பலகை:
தம்பி, ஓரம் என்பதெல்லாம் சரி, வெளிச்சத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பூஜை அறையில் விளக்கு ஆடும்போது தங்கம் இடத்துக்கு இடம் மினுங்கும், நாம் தலையைத் திருப்பினாலும் மாறும். பெயின்ட் அடித்த முகம் அசையாமல் ஒரே மாதிரி இருக்கும், கண் அங்கேதான் போய் நிற்கும். அதே படத்தை ஃபிளாஷ் போட்டு எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள், ஃபாயில் ஒரு இடத்தில் வெள்ளையாக அடிக்கும், மற்ற இடம் பழுப்பாகச் சாகும், வாடிக்கையாளர் உடனே முகம் மங்கலாக இருக்கே என்பார்.

உங்கள் ஆறு ஏன் முன்னால் வருகிறது என்றால், நீலக் கிருஷ்ணருக்குப் பின்னால் நீலத் தண்ணீர் போட நினைக்கிறீர்கள் என்று சந்தேகம். இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஓரமே செத்துவிடும். காவிரி என்ன வருஷம் முழுக்க நீலமாகவா ஓடுகிறது? ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது செங்காவி நிறம்தானே. அதைப் போடுங்கள். அவருக்கு ஆறும் கிடைத்தது, உங்களுக்குப் பழைய சிவப்பும் கிடைத்தது. தண்ணீரில் வெள்ளைக் கீற்று வேண்டவே வேண்டாம், மினுங்குவது தங்கம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிகளைப் போட்டோவில் தெரிகிற மாதிரி தூரத்தில் குறுக்கினால் கோடுகள் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும், நேரான பட்டைகளாக ஒன்றின் மேல் ஒன்று போடுங்கள்.

தாராசுரம் பக்கம்:
பட்டை மேல் பட்டை என்பது சரிதான். பெரிய கோயில் உட்சுற்றில் 1931-ல் நாயக்கர் பூச்சுக்கு அடியிலிருந்து தெரியவந்த சோழர் ஓவியத்திலும் சுந்தரர் கதை அப்படித்தான், கீழே அவர் கல்யாணத்தைக் கிழவராக வந்த சிவன் தடுத்த வழக்கு, மேலே அவர் யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலாயம் போவது. தூரத்தில் இருப்பதை மேலே வைத்துவிட்டார்கள், சிறியதாக்கவில்லை.

வெண்ணாற்றங்கரை:
நீலம்தான் நினைத்திருந்தேன். செங்காவி என்று சொன்னதும் வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டார், ஆடிப்பெருக்கு என்றதும் சந்தோஷம் வேறு. ஒரு சந்தேகம் மட்டும்: படித்துறை மண்டபத்துக்கும் கொஞ்சம் ஃபாயில் கேட்கிறார்.

மேலவீதி பலகை:
ஃபாயில் ஒட்டலாம், மக்கு வைக்காமல் தட்டையாக. கோடு மட்டும் கிருஷ்ணருக்குப் போட்டதைவிட மெல்லிசாக இருக்கட்டும். ஃபாயிலுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொள்ளுங்கள்.